துக்கம் கேட்க வந்த சடையருவி

சீரங்கன் செத்த ஒன்பதாம் நாள் காலையில், வாசலைப் பெருக்கலாமா வேண்டாமா என்று பாவாயி துடைப்பத்தோடு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், சடையருவி மலையிலிருந்து இறங்கி வந்து அவள் வீட்டு வேலிப்படலுக்கு வெளியே நின்றது. முந்நூறு அடி உயரம், உச்சி எங்கே என்று தெரியாதபடி மேகத்துக்குள் நுழைந்திருக்க, கிழக்கே இருந்த பலாமரத்தையும் அதற்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தையும் மறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் மேலேயிருந்து விழுந்துகொண்டேதான் இருந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் இல்லாமல் போனது, எழவு வீட்டு வாசலை ஈரம் பண்ணக் கூடாது என்று அதற்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. சத்தம் என்று ஒரு பொட்டும் இல்லை. பாவாயி அதை அடியிலிருந்து கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாவடிப்பட்டியில் யாரும் அலறவில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பார்த்ததும் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களைப் பார்த்து எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. ஒன்பது நாள் கழித்துத்தான் சேதி எட்டியதா என்று ஒருவர் முணுமுணுத்தார். அதுக்குத் தெரியாத சேதியா, என்று தொடங்கிய இன்னொருவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் சீரங்கனைக் கொன்றதே சடையருவிதான்.

தும்பிமலைக்கு ஏறி வர நாற்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் குடலைப் பறிகொடுத்து, வெளிறிய முகத்தோடு ஜீப்பிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையைக் காட்டுவதுதான் சீரங்கனுக்கு இருபத்தாறு வருடத் தொழில். செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே விடும் கோயில்காடு, இடுப்புயரத்துக்குக் கற்பலகைகளை நட்டு மேலே ஒரு பலகையை மூடி யாரோ எந்தக் காலத்திலோ கட்டிவிட்டுப் போன குள்ளர் வீடுகள், தட்டினால் மணியைப் போல ஒலிக்கிற தூண் உள்ள கரியபெருமாள் கோயில், கீழ்நாடு முழுக்க விரித்துப் போட்டாற்போலத் தெரிகிற மொட்டைப்பாறை, கடைசியாக அறுநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கிப் போனால் சடையருவி. இந்த வரிசையை அவன் யாருக்காகவும் மாற்ற மாட்டான். அருவியை முதலில் காட்டிவிட்டால் அதற்கப்புறம் சொர்க்கத்தையே காட்டினாலும் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள் என்பது அவன் அனுபவம். அப்படித்தான் ஒருநாள் கூட்டிப்போன கூட்டத்தில், ஒரு சின்னப் பெண்குழந்தை தகப்பன் கையை உதறிவிட்டுப் பாசிப்பாறைமேல் ஓட, சீரங்கன் தாவிப் போய் அவளைத் தூக்கித் தகப்பன் பக்கம் எறிந்துவிட்டான். எறிந்த வேகத்தில் அவன் கால் வழுக்கிவிட்டது. அருவி அவனை அடித்துக்கொண்டு போய் மடுவில் போட்டது. மத்தியானம் மூங்கில் கட்டிலில் தூக்கி வந்தார்கள்.

அவன் கூட்டிவருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சோறு ஆக்கிப் போட்டது பாவாயி. சாமைச்சோறும் கீரைக்கடைசலும் நாட்டுக்கோழிக் குழம்பும் பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு ஆக்கிக்கொண்டே அவள் அடுப்படியில் இருபத்தாறு வருடத்தை எரித்துவிட்டாள். இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள்: அஞ்சு மைல் தூரத்தில் இருக்கிற சடையருவியை அவள் ஒருதடவைகூடப் பார்த்தது கிடையாது. அடுத்த மலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஊர்உலகமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிற அருவி எங்கே ஓடிவிடப் போகிறது, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு என்று சீரங்கன் சொல்லிக்கொண்டே இருந்தான், அவளும் உலை வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அதை முதல்முறையாகப் பார்த்தது, அது அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற அன்றைக்குத்தான்.

அருவி ஏன் வேலிக்கு வெளியே நின்றது என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தும்பிமலையில் ஒரு வழக்கம் உண்டு, வேலித்தண்ணி என்று பேர். தெரியாத்தனமாக ஒருத்தன் கையால் இன்னொருத்தன் உயிர் போய்விட்டால், வெட்டின மரம் தப்பி விழுந்தோ, பன்றிக்கு வைத்த குண்டு ஆள்மேல் பட்டோ எப்படியோ போய்விட்டால், கைக்காரன் பதினாறாம் நாளுக்குள் எழவு வீட்டுக்கு வர வேண்டும். தலையில் துணி இல்லாமல், பேச்சில்லாமல் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரர்கள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது, அதற்குமேல் பகையும் இல்லை வழக்கும் இல்லை. பதினாறாம் நாள் பொழுது சாயும்வரை கொடுக்கவில்லையென்றால் அவன் மலையைவிட்டே போய்விட வேண்டும், திரும்பக் கூடாது. நடுக்காட்டுப் பொன்னான் வெட்டின மரம் மைத்துனன்மேல் விழுந்தபோது அவன் பதினோரு நாள் மழையில் நின்றான், தண்ணீர் கிடைக்கவில்லை. போனவன் கீழ்நாட்டில் எங்கோ செங்கல் சூளையில் இருப்பதாகக் கேள்வி. அவன் வைத்த பலா இன்றைக்கும் காய்க்கிறது, பறிக்கிறவர் இல்லை. கொடு என்றோ கொடுக்காதே என்றோ வீட்டார் தவிர வேறு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது இந்த வழக்கத்தில் கடைசி விதி, மற்ற எல்லாவற்றையும்விட ஊர் கஷ்டப்பட்டுக் காப்பாற்றுகிற விதியும் அதுதான்.

ஆக, ஏழு நாள் இருந்தது. ஏழு நாளில் பாவாயி ஒரு செம்பு தண்ணீர் கொடுக்காவிட்டால் சடையருவி தும்பிமலையைவிட்டுப் போய்விடும், மனிதனுக்கு ஒரு நியாயம் அருவிக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. இதை ஊர் ஒரு மத்தியானத்துக்குள் புரிந்துகொண்டுவிட்டது. புரிந்துகொண்டதும் ஆகவேண்டிய காரியத்தைப் பார்க்கத் தொடங்கியது.

முதல் சிக்கல் உறவுமுறை. வந்திருப்பது பங்காளியா, மாமன் மச்சான் வகையா என்று தெரிந்தால்தானே யார் கூட உட்காருவது என்று முடிவு பண்ண முடியும். ஊர்க்கவுண்டர் பொன்னுவேல் அரசமரத்தடியில் ஆட்களைக் கூட்டினார். சீரங்கன் இருபத்தாறு வருடம் தினந்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம், கூடப் பிறந்தவனைக்கூட ஒருத்தன் அப்படிப் போய்ப் பார்ப்பதில்லை, ஆகவே பங்காளிதான் என்றது ஒரு கட்சி. பெண்ணைப் போலச் சடை இருக்கிறது, விரித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, ஆகவே உடன்பிறந்தாள் முறை என்றது இன்னொரு கட்சி. சாயங்காலம் வரைக்கும் பேசிவிட்டு, எந்த முறையானாலும் துக்கத்துக்கு வந்தவர்களைத் தனியாக நிற்கவிடுவது மரியாதை இல்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அன்றிலிருந்து விடிந்ததும் வீட்டுக்கு ஒருத்தர் முறைவைத்து வந்து, சாக்கை விரித்து அருவியின் காலடியில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, நெல்லியும் கடுக்காயும் இந்த வருஷம் எப்படி என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள்.

அருவி பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டுச் சத்தம் போடவில்லை. சத்தம் எங்கே போயிற்று என்பது மறுநாள்தான் தெரிந்தது. வனக்காவலர் ஒருவர் அருவியின் பழைய இடத்தைப் பார்க்கப் படி இறங்கிப் போனார். மொட்டைக் கருங்கல் செங்குத்து, ஈரம்கூட இல்லை, பாசி காய்ந்து கிடந்தது. ஆனால் அருவியின் ஓசை மட்டும் எப்போதும் போல உச்சியிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. காது அடைத்ததாம், நெஞ்சுக்கூடு அதிர்ந்ததாம், சட்டை மட்டும் நனையவில்லையாம். எழவு வீட்டுக்குள் போகிறவன் செருப்பை வெளியே விடுவது போல, அது சத்தத்தை அங்கேயே கழற்றிவிட்டு வந்திருந்தது. காவலர் தன்னுடைய நோட்டில், அருவி சொந்தக் காரியமாக மாவடிப்பட்டி சென்றுள்ளது என்று எழுதிக்கொண்டு வந்தார்.

ஜீப்காரர்கள் தடத்தை மாற்றிக்கொண்டார்கள். கொய்யாக்காரியும் மிளகு விற்கிறவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு பாவாயி வீட்டுத் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். குரங்குகள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. காலை எட்டு மணிக்கு வெயில் படும்போது ஒரு முழு வானவில் அருவியிலிருந்து புறப்பட்டு மாட்டுக்கொட்டகை கூரையில் வந்து இறங்கியது, கன்றுக்குட்டி முதல்நாள் மிரண்டது, மூன்றாம் நாள் அதற்குள்ளேயே படுத்து அசைபோட்டது. வெளியூர்க்காரர்கள் வழக்கம்போல ஹோ என்று கத்திக்கொண்டுதான் ஜீப்பிலிருந்து குதித்தார்கள். இது எழவு வீடுங்க, என்று யாராவது ஒருத்தர் போய்க் காதோடு சொன்னதும் போனைப் பையில் போட்டுவிட்டு நின்றார்கள். சத்தமில்லாமல் அத்தனை தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க அவர்களுக்கு என்னவோ ஆனது. குளிக்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், தங்கள் வீட்டில் எப்போதோ போனவர்களைப் பற்றிப் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொன்னார்கள். பிறகு வரிசையாக உள்ளே வந்து பாவாயி முன்னால் உட்கார்ந்து, துக்க வீட்டில் எல்லாரும் கேட்கிறதைக் கேட்டார்கள்.

"எப்படிம்மா ஆச்சு?"

பாவாயி சொன்னாள். பாப்பா ஓடிச்சு, அவரு தாவினாரு, கால் வழுக்கிருச்சு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை சொன்னாள். அவள் கண்ணால் பார்க்காத சாவு அது. சொல்லச் சொல்ல அது யாரோ ஒருத்தர் வீட்டுச் சாவு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது, அவளுக்குப் பயமாக இருந்தது.

கீழ்நாட்டில் மூன்று ஊர் ஓடைகள் வறண்டன. நடவு போட்டு இருபது நாளான நாற்று வெளிற ஆரம்பித்தது. ஆனாலும் சிபாரிசு கூடாது என்பதால், வந்தவர்கள் வேறு எதையாவது பேசினார்கள். ஒருவர் தங்கள் ஊர் வானத்தில் மேகம் இல்லாததைப் பற்றிப் பேசினார், ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டி ஐந்து நாள் ஆனதைப் பற்றிப் பேசினாள். ஓடைக்கரை அங்கமுத்து, அறுபது வயது ஆள், வந்து உட்கார்ந்து தன் எருமையின் குணநலன்களை ஒரு மணி நேரம் சொன்னார். பாவாயிக்குப் பொறுக்கவில்லை.

"எருமையப் பத்திப் பேச வந்தீங்களா மாமா, தண்ணியப் பத்திப் பேச வந்தீங்களா?"

"எருமையப் பத்தித்தான் தாயி," என்றார் அங்கமுத்து. "அது தண்ணி குடிக்கிற சாதி, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். பாவாயி எழுந்து உள்ளே போய்விட்டாள். நாற்று வெளிறுவது அவளுக்கும் தெரியும், ஊர் வாயைக் கட்டிக்கொண்டு தவிப்பதும் தெரியும். ஆனால் செம்பைக் கையில் எடுத்தவள் ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் வேணி வீட்டு மனுஷி, அவள் பேசலாம். கீழே டவுனில் வாக்கப்பட்டவள், தகப்பன் செத்ததிலிருந்து இங்கேயேதான் இருந்தாள். பதினைந்தாம் நாள் மத்தியானம், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு அந்த அருவியென்றால் உயிர், அதை மலையைவிட்டுத் துரத்தினால் அவர் மனசு ஆறுமா என்று மெதுவாகக் கேட்டாள். கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் கோபம் மட்டும்தானா என்றும் கேட்டாள். பாவாயி வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் காத்தால நான் பட்டுச் சேலை கட்டியிருந்தேன்," என்றாள். "ஒங்கப்பன் அன்னிக்கு என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தாரு. பூ வச்சிட்டு நிக்கறேன், ஜீப்பு வந்துருச்சு. பத்துப் பேரு. நாளைக்குப் போலாம் பாவாயின்னுட்டு அவங்களோட கெளம்பிட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? போய்த் தொலைன்னேன். நடுவாசல்ல நின்னு சொன்னேன்."

வேணி அரிசி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப அருவிக்குத் தண்ணி குடுத்து, நீ கொல்லலைன்னு சொல்லிட்டா, அப்பறம் மிச்சம் யாரு? நாந்தானே மிச்சம்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முதல்நாள் அலறலுக்குப் பிறகு இத்தனை நாளும் வராத அழுகை. வேணி அம்மாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வாசலில் அருவி நின்றுகொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் விடிந்ததும் பாவாயி வேலிப்படலைத் திறந்துகொண்டு அருவியின் முன்னால் போய் நின்றாள். கையில் செம்பு இல்லை. முறைக்கு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து தள்ளிப் போய்விட்டார். பாவாயி அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளும் வந்தவர் போனவர் எல்லாரும் அவளிடம் கேட்டதை, அன்றைக்கு அங்கே இருந்து, இப்போது அவள் முன்னால் நிற்கிற ஒரே சாட்சியிடம் அவள் கேட்டாள்.

"எப்படி ஆச்சு?"

அருவி அசைந்தது. காற்றில்லாமலே அதன் நடுவில் ஒரு சுழிப்பு உண்டாகி மேலே ஏறிப் போனது. வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது, ஆனால் ஓசை வரவில்லை. சத்தத்தைத்தான் அது அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்ததே. பாவாயி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் திரும்பிப் போகாமல், அப்படியே மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினாள். பதினாறு கழியாத வீட்டுப் பெண் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்ல ஊர்க்கவுண்டர் வாயெடுத்தார். வேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

சீரங்கனின் வரிசை அவளுக்குப் பாடம். அந்த இடங்களை அவள் பார்த்ததில்லை, ஆனால் இருபத்தாறு வருடம் சோறு போடும்போது தின்றுகொண்டே ஜனங்கள் பேசினதைக் கேட்டிருக்கிறாள். கோயில்காட்டுக்குள் தீட்டோடு நுழையக் கூடாது என்று ஓரமாகவே நடந்தாள். உள்ளே மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கொடிகள் அவற்றைக் கட்டிப்போட்டு, வெளிச்சத்துக்குக் கொஞ்சமாக மட்டும் வழிவிட்டு நின்றன. ஒரு சுள்ளிகூட யாரும் ஒடிக்காமல் எத்தனை தலைமுறையின் இலை அங்கே கிடக்கிறதோ, காற்று வந்தால் காடு முழுக்க மூச்சு விட்டது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

குள்ளர் வீடுகள் நாற்பதோ ஐம்பதோ, புல்லுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குழந்தைகள் விளையாட்டுக்குக் கட்டினது மாதிரி இருக்கிறது என்று ஒரு டீச்சரம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. பாவாயிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பலகையையும் பத்து ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். செத்தவர்களுக்காகக் கட்டினது என்று கேள்வி. பேர் தெரியாத யாரோ, தங்கள் வீட்டுச் சாவுக்காக, இவ்வளவு பாரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு பலகையில் கையை வைத்துப் பார்த்தாள், வெயில் ஏறாத அந்த நேரத்திலும் அது சூடாக இருந்தது. கோயிலுக்கு வெளியே மதிலோரம் நின்று, உள்ளே யாரோ தூணைத் தட்ட, அந்தக் கல்மணி அடங்கும்வரை கேட்டுவிட்டு நடந்தாள்.

மொட்டைப்பாறையில் ஏறினபோது மூச்சு வாங்கியது. கீழ்நாடு அத்தனையும் தெரிந்தது, மூன்று ஓடைகளும் வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடந்தன. எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். பாவாயி தன் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினாள், திரும்பினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தபோது அவளுக்கு ஒரு தண்ணீர்ச் சுவர்தான் தெரிந்திருந்தது. இங்கிருந்துதான் முழு அருவியும் தெரிந்தது. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் வெள்ளையாக, ஒரு மலை அளவுக்கு, தீப்பெட்டி போலக் கிடந்த ஓட்டு வீட்டின் முன்னால் அது நின்றுகொண்டிருந்தது. கீழே நின்றபோது மேகம் மறைத்திருந்த உச்சியும் தெரிந்தது, அது நேராக இல்லை. கொஞ்சம் குனிந்திருந்தது. அவ்வளவு பெரிதான ஒன்று அவ்வளவு சின்ன வாசலில் ஏழு நாளாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைப் பார்க்கத்தான் உலகம் நாற்பத்தொரு வளைவு ஏறி வந்ததா என்று நினைத்தாள். வந்ததில் தப்பில்லை என்றும் நினைத்தாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கும்போது ஓசை அவளை நோக்கி ஏறி வந்தது. கடைசிப் படியில் நின்றபோது தன் இருமலே அவளுக்குக் கேட்கவில்லை. காய்ந்த செங்குத்து, காய்ந்த மடு, ஒரு பறவை கிடையாது. பாவாயி பாறைகளைப் பிடித்துப் பிடித்துப் போய், ஓசை விழுகிற சரியான இடத்தில் உட்கார்ந்தாள். அது தலைமேல் விழுந்தது, தோளில் விழுந்தது, முதுகை இடித்தது. நனையாமல் குளிப்பது போல இருந்தது.

முதலில் தண்ணீரின் சத்தம் மட்டும்தான். சந்தைக்குள் நுழைந்தால் மொத்த இரைச்சலாகக் கேட்பது நிற்க நிற்கத் தனித்தனிக் குரலாகப் பிரியுமே, அப்படிக் கொஞ்ச நேரத்தில் அது பிரிந்தது. அருவிக்கு முன்னால் நின்று இதுவரை மனிதர்கள் போட்ட அத்தனை சத்தமும் அதற்குள் இருந்தது. குளிர் தாங்காமல் போட்ட கூச்சல், ஒருத்தரையொருத்தர் கூப்பிட்ட பேர்கள், கோவிந்தா என்கிற கோஷம், மூன்று நான்கு தலைமுறைச் சிரிப்பு, எதையும் அது தொலைக்கவில்லை. அதற்கு நடுவில் அவன் குரல் வந்தது. பாத்து வாங்க சாமி, பாசி இருக்குது, பாத்து வாங்கம்மா. ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிப்போய்ப் பேசாமல் படுத்துவிடுகிறானே என்று அவள் கோபித்துக்கொண்ட குரல் இங்கேதான் செலவாகியிருந்தது.

ஜனங்கள் குளிக்கப் போனதும் அவன் அருவியோடு பேசினான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இன்னிக்கு அவ கொழம்புல உப்பு தூக்கல், யாரும் சொல்லல, நானும் சொல்லல. இன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல், படுன்னா படுக்க மாட்டேங்கறா. இன்னிக்கு வேணி பொறந்தா. ஒவ்வொரு நாளும், வருடம் வருடமாக, அவள் திட்டின திட்டையெல்லாம் கொண்டுவந்து அருவியிடம் சொல்லிச் சிரித்திருந்தான். பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாழ்க்கை முழுவதையும் அருவி தன்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தது.

கடைசியாக அந்தக் காலை வந்தது.

"இன்னிக்குப் போய்த் தொலைன்னுட்டா," என்றான் சீரங்கன், சிரிப்போடு. "சேல கட்டிட்டு நின்னா பாரு, கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருந்தா. தப்பு என் மேலதான். நாளைக்குக் கூட்டிட்டு வந்துடறேன். அவ வந்தா நீ கொஞ்சம் மெதுவா விழு, என்ன? முதுகு வலிக்காரி, தாங்க மாட்டா."

பிறகு ஒரு குழந்தை வீறிடுகிற குரல். பாறையில் ஓடுகிற கால்கள். அப்புறம் ஒன்றுமே இல்லை. இடி மாதிரி விழுந்துகொண்டிருந்த ஓசை அந்த இடத்தில் அறவே நின்றிருந்தது, ஒரு மூச்சு நேரம். எத்தனையோ காலமாக விழுவதைத் தவிர வேறெதுவும் அறியாத அந்தத் தண்ணீர், ஒரு மூச்சு நேரம் விழாமல் இருந்து பார்த்திருக்கிறது. முடியவில்லை. அதன் பிறகு ஓசை திரும்ப வந்தபோது வேறு மாதிரி வந்தது. அப்படி ஒரு சத்தத்தைப் பாவாயி தன் வீட்டில், அவனை மூங்கில் கட்டிலில் இறக்கிய அன்றைக்குத் தன் வாயிலிருந்தே கேட்டிருந்தாள்.

அவள் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நிழல் மடுவைத் தாண்டினபோது எழுந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறினாள்.

மாவடிப்பட்டியில் பொழுது மேற்குச் சரிவைத் தொட இரண்டு பனையளவு இருந்தது. தெரு முழுக்க ஜனம், கீழ்நாட்டு மூன்று ஊரும் வந்திருந்தது, குழந்தைகள்கூட மூச்சு விடவில்லை. அருவியின் உச்சி ஏற்கெனவே மேகத்திலிருந்து விடுபட்டு, மலைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. பாவாயி யாரையும் பார்க்காமல் கூட்டத்துக்குள் புகுந்து வந்தாள். வேணி செம்பை எடுக்க ஓடினாள். அவளை நிறுத்திவிட்டுப் பாவாயி தானே அடுப்படிக்குப் போனாள், பானையிலிருந்து மொண்டாள், முந்தானையால் செம்பின் அடியைத் துடைத்தாள். வேலிப்படலைத் திறந்து வெளியே வந்தாள்.

"இந்தா," என்றாள். "ரொம்ப நாளா நிக்கற. குடி."

இரண்டு கையாலும் செம்பைத் தூக்கிப் பிடித்தாள். முந்நூறு அடி அருவி மடிந்து இறங்கியது. வானத்திலிருந்த உச்சி பலாமரத்துக்கு வந்தது, பலாமரத்திலிருந்து கூரைக்கு வந்தது, கூரையிலிருந்து அவள் முகத்துக்கு நேரே வந்தது. அதன் குளிர்ச்சி அவள் நெற்றியில் பட்டது. மெதுவாகத்தான் வந்தது, அவளுக்கு முதுகு வலிக்கும் என்று அதற்குச் சீரங்கன் சொல்லியிருந்தான். செம்பில் வாய் வைத்தது. ஊர் முழுக்க ஒரு மிடறு விழுங்குகிற சத்தத்தைக் கேட்டது, ஏழு நாளில் அது போட்ட முதல் சத்தம். துக்கத்துக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அதுவும் சொல்லவில்லை. ஜனங்கள் கண் இமைத்துத் திறந்தபோது பலாமரமும் பள்ளிக்கூடமும் பழையபடி தெரிந்தன. வெகுதூரத்தில், அஞ்சு மைலுக்கு அப்பால், தண்ணீரும் ஓசையும் சேர்ந்து விழுகிற முழக்கம் கேட்டது. அங்கமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார்.

பாவாயி செம்பைக் கீழே இறக்கினாள். அதில் பாதி மிச்சம் இருந்தது. அவ்வளவு பெரிய அருவிக்கு ஒரு செம்பு தண்ணீர் எந்த மூலைக்கு, முழுக்கக் குடித்துவிட்டிருக்கலாம். சரியாகப் பாதியை வைத்துவிட்டுப் போயிருந்தது. ஊர்க்கவுண்டர் எட்டிப் பார்த்தார், வேணி எட்டிப் பார்த்தாள், இதற்கு வழக்கம் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாவாயி வேலிக்கு வெளியே, அருவி நின்ற அதே இடத்தில் நின்று, தலைமுந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நெஞ்சு வரைக்கும் குளிர்ந்தது. பதினாறு நாளும் தனக்குத் தாகமே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெறும் செம்பை மகளிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் கொண்டா என்றாள்.